கெட்ட காலங்களில் கொழும்பில் நீங்கள் கண்ட துணிச்சல்காரர்கள் யார்? என் வகுப்புக்காகக் கேட்கிறேன்

கேட்டவர்: வரலாற்று ஆசிரியை, வெள்ளவத்தை

வணக்கம். கொழும்பில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கை என்ற பகுதியைச் சென்ற வாரம்தான் முடித்தோம். மீட்டல் பாடத்துக்காக ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். 1948 குடியுரிமைச் சட்டம், 1956 தனிச் சிங்களச் சட்டம், 1958 கலவரம், 1971 கிளர்ச்சி, 1977 கலவரம், 1981 யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம், தெற்கில் 1987 முதல் 1989 வரை இரண்டாவது கிளர்ச்சி, 2009 போரின் முடிவு, 2019 ஈஸ்டர் குண்டுகள், 2022 பொருளாதார நெருக்கடி. பலகை நிறைந்துவிட்டது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், இதில் ஓர் ஆண்டிலாவது யாராவது ஒழுங்காக நடந்துகொண்டார்களா?" என்று கேட்டான்.

குறும்புக்காகக் கேட்கவில்லை. அமைதியான பிள்ளை. அண்ணன் கட்டாரில் வேலை செய்கிறார். இவனும் பத்தரமுல்லைக்குப் போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வந்திருக்கிறான். வகுப்பில் பாதிப் பேர் மாலையில் ஆங்கிலத் தேர்வுக்கான வகுப்புகளுக்குப் போகிறார்கள். போகட்டும், அது அவர்களுடைய உரிமை. ஆனால் இந்த ஊரில் நல்லது செய்தவர் எவருமே இருந்ததில்லை என்ற எண்ணத்தோடு அவர்கள் விமானம் ஏறுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பாடநூலில் சட்டங்கள் இருக்கின்றன, ஒப்பந்தங்கள் இருக்கின்றன, தலைவர்களின் படங்கள் இருக்கின்றன. அவன் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஆட்சி மாற்றங்களைக் காட்டி அவர்களுக்கு நம்பிக்கை ஊட்டவும் நான் விரும்பவில்லை. 1979 இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் பிறகு எத்தனையோ அரசாங்கங்கள் வந்து போய்விட்டன. என் மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நான் தேடுவது எப்படிப்பட்டவர்களை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

2022 மார்ச் மாதம் காகிதம் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். நாளிதழ்கள் அச்சுப் பதிப்பை நிறுத்தின. அந்த மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை போனது. சாதாரணதரப் பரீட்சையோ மே 23 இல் தொடங்கவிருந்தது. எங்கள் ஒழுங்கைக்கும் காலி வீதிக்கும் இடையில் ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. கடைக்காரர் பதுளைப் பக்கத்திலிருந்து வந்த மலையகத் தமிழர், வாடகைக் கடை, பாடசாலை போகும் இரண்டு பிள்ளைகள். காகிதக் கட்டு விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தனியார் வகுப்புக்காரர் வந்து, கையிருப்பு முழுவதையும் மும்மடங்கு விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் கொடுக்கவில்லை. காலி வீதி நெடுகிலும் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கி வந்தார். அவற்றை அளவாக வெட்டி, வெறுமையான பக்கத்தில் கடந்தகால வினாத்தாள்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். என் மாணவர்கள் ஒரு பக்கத்தில் காப்புறுதி விண்ணப்பமும் மறுபக்கத்தில் கணித வினாத்தாளுமாகப் படித்தார்கள். மின்சாரம் நள்ளிரவுக்குப் பிறகு வந்தால் நள்ளிரவுக்குப் பிறகு கடையைத் திறந்தார். பிள்ளைகளிடம் பழைய விலையையே வாங்கினார்.

இதை வீரம் என்று நான் கூச்சமில்லாமல் சொல்வேன். தன் வீட்டில் எரிவாயு சிலிண்டர் இல்லாமல், மனைவி மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற நாட்களில் அவர் இதைச் செய்தார். மும்மடங்கு விலைக்கு விற்றிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

2022 போராட்டத்துக்காகக் காலிமுகத்திடலுக்குப் போனவர்களை நான் குறைத்து மதிப்பதாக நினைக்க வேண்டாம். நானும் போனேன். 2022 மே 18 அன்று, 2009 போரின் இறுதி நாட்களை நினைவுகூர்ந்து, அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்த்தார்கள். சிங்கள இளைஞர்களும் யுவதிகளும் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, இது என்ன, ஏன் என்று கேட்டுக் கேட்டுக் குடித்தார்கள். கொழும்பில், அதுவும் அந்த இடத்தில், என் வாழ்நாளில் அப்படியொன்றைப் பார்ப்பேன் என்று நான் எண்ணியதே இல்லை. ஆனால் அன்று அங்கிருந்தவர்களைப் படம் எடுக்க ஆயிரம் கமராக்கள் இருந்தன. போட்டோகொப்பிக் கடைக்காரரை யாரும் படம் எடுக்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். நீங்கள் நேரில் கண்டதையோ, கண்டவர் வாயால் கேட்டதையோ எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், அந்த மனிதர் என்ன வேலை பார்த்தவர், அதைச் செய்ததால் அவர் எதை இழந்திருக்கக்கூடும் என்பவைதான் எனக்கு வேண்டும். பெயர் வேண்டாம். அரசியல்வாதிகளும் வேண்டாம்.

---

மறுமொழி: பழைய தெகிவளைக்காரன்

ஆசிரியைக்கு வணக்கம். எனக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. 1983 பற்றி எழுதுகிறேன். ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அயலவர் கதைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு குடும்பம் இருந்தது, அவர்களுக்கு நாங்கள் காலமெல்லாம் கடன்பட்டவர்கள். நான் சொல்ல வருவது வேறொருவரைப் பற்றி.

அப்பா ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞர். ஜூலை 25, திங்கட்கிழமை, எங்கள் வீடு எரிந்தது. வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததால் எந்த வீடு தமிழருடையது என்று அவர்கள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உடுத்த உடுப்போடு அயல்வீட்டில் இரவைக் கழித்துவிட்டு, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கால் நீட்டப் படுக்க இடமில்லை. அம்மாவிடம் தாலி இருந்தது. அப்பாவின் சட்டைப் பையில் சில்லறை இருந்தது. அவ்வளவுதான்.

சில நாட்கள் கழித்து, ஊரடங்கு தளர்த்தப்பட்டிருந்த ஒரு பகலில், அப்பாவின் கந்தோரில் சம்பளம் எண்ணிக் கொடுக்கும் காசாளரான சிறாப்பர் சைக்கிளில் வந்து இறங்கினார். சிங்களவர், நுகேகொடைப் பக்கம். கந்தோரில் அப்பாவோடு நெருங்கிப் பழகியவரும் அல்லர். சம்பள நாளில் மட்டும் பேசிக்கொள்பவர்கள். கையில் ஒரு சாப்பாட்டுக் கரியர். மேல் தட்டில் சோறு இருந்தது. கீழ்த் தட்டில், வாழையிலைக்கு அடியில், அப்பாவின் ஜூலை மாதச் சம்பளம் உறையில் இருந்தது. சட்டைக்குள் மடித்து வைத்திருந்த சம்பளப் பட்டியலை எடுத்து விரித்து, அப்பாவின் பெயருக்கு எதிரே கையொப்பம் வாங்கிக்கொண்டார். சதம் வரை எண்ணிக் கொடுத்தார்.

அந்தப் பட்டியலில் இருந்த மற்றத் தமிழர்களையும் அவர் முகாம் முகாமாகத் தேடிக்கொண்டிருந்தார். இரத்மலானைக்கும் போகவேண்டும் என்று சொல்லி, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் விசாரித்தார். வழியில் எவனாவது மறித்து அந்தக் கரியரைத் திறந்திருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும்? காசு போயிருக்கும், வேலையும் போயிருக்கும். தமிழருக்குக் காசு கொண்டுபோகிறவன் என்று தெரிந்திருந்தால் உயிரும் போயிருக்கும். ஏன் இவ்வளவு சிரமம் என்று அப்பா கேட்டதற்கு, மாதக் கணக்கை முடிக்க வேண்டும் என்றார். வேறு பேச்சில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கிய பிறகு முதல் மாத வீட்டு வாடகையை அந்தக் காசில்தான் கொடுத்தோம். அந்த நாட்களில் எங்கள் பெயர் இரண்டு பட்டியல்களில் இருந்தது. ஒன்றை வைத்திருந்தவர்கள் எங்களை எரிக்க வந்தார்கள். மற்றதை வைத்திருந்தவர் எங்களைத் தேடி வந்தார். இதை உங்கள் மாணவனுக்குச் சொல்லுங்கள்.

---

மறுமொழி: ஜூன் ஏழு

டீச்சர், மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் கேள்வி எனக்கு உவப்பாக இல்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெலிக்கடைச் சிறையில் 1983 ஜூலை 25 ஆம் திகதியும் 27 ஆம் திகதியும் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அரசின் காவலில் இருந்தவர்கள் அவர்கள். அதற்காக இன்று வரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இதை நான் எங்கே சொன்னாலும் யாராவது ஒருவர் உடனே எழுந்து, "ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எங்களைக் காப்பாற்றினாரே" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனம் வெலிக்கடைக்குப் பதில் ஆகிவிடுகிறது. கூட்டங்களிலும் பார்த்திருக்கிறேன், பத்திரிகைக் கட்டுரைகளிலும் பார்த்திருக்கிறேன். மனது நெகிழ்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீதி கேட்டு வந்தவர் வாசலிலேயே நிற்கிறார்.

என்னுடைய கதையையும் எழுதுகிறேன். 2007 இல் எனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை மூடப்பட்டிருந்த காலம். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டில் இருந்த அப்பாவிடம் போவதற்கான பயண ஆவணங்களுக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தோம். ஜூன் 7 விடியுமுன் பொலிஸார் கதவைத் தட்டினார்கள். சாமான்களைக் கட்ட அரை மணி நேரம். கொழும்பில் தங்குவதற்கு உங்களுக்குத் தக்க காரணம் இல்லை என்றார்கள். அன்று லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் என்று அனுப்பினார்கள். அம்மாவின் நீரிழிவு மாத்திரைகள் லொட்ஜ் அலமாரியிலேயே தங்கிவிட்டன.

மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. ஜூன் 8 அன்று நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்கால உத்தரவு கொடுத்தது. பிறகு பிரதமர் வருத்தம் தெரிவித்தார். எனக்குத் துணிச்சல்காரர்கள் என்றால், ஆட்கள் வெள்ளை வான்களில் காணாமற்போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அரசுக்கு எதிராக ஒரே நாளில் மனு எழுதிக் கையொப்பமிட்டவர்கள்தான். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வெயிலில் இருக்கும் தாய்மார்தான். அவர்களைப் பார்த்து யாருடைய மனதும் சுலபமாக ஆறாது.

இன்னொருவரும் இருக்கிறார். லொட்ஜில் அறைகளைக் கூட்டித் துப்புரவாக்கும் அண்ணா, நுவரெலியாப் பக்கம். பொலிஸார் எங்களைக் கீழே வரிசையில் நிறுத்தியிருந்தபோது, அவர் தேநீர் கொடுப்பது போல ஒவ்வொருவரிடமும் வந்து பெயரையும் ஊரையும் உறவினரின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டார். கேட்டதைச் சலவைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினார். பஸ்ஸின் இலக்கத்தகட்டையும் குறித்துக்கொண்டார். நாங்கள் வவுனியா போய்ச் சேருமுன்பே என் மாமாவுக்கு அழைப்பு போயிருந்தது. அவருடைய அடையாள அட்டையிலும் தமிழ்ப் பெயர்தான் இருந்தது. அடுத்த பஸ்ஸில் அவரையும் ஏற்றியிருக்கலாம்.

இவரைப் பற்றி வகுப்பில் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது எங்களை ஏற்றியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

---

மறுமொழி: வரலாற்று ஆசிரியை, வெள்ளவத்தை

ஜூன் ஏழு தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் கோபம் சரியானது. வெலிக்கடை என் பாடத்தில் இருக்கிறது, இரண்டு திகதிகளோடும் இருக்கிறது. அதை நான் ஒருபோதும் விட்டுப் படிப்பித்ததில்லை.

ஒன்றை மட்டும் உங்களோடு வாதிட விரும்புகிறேன். நல்லவர் ஒருவரின் கதை குற்றத்தைக் கழுவிவிடும் என்று ஏன் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்? என் கண்ணுக்கு அது குற்றத்தை இன்னும் கூட்டிக் காட்டுகிறது. ஊரடங்கு, கலவரம், யார் எங்கே என்று தெரியவில்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அன்று அதிகாரத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். சைக்கிளில் வந்த ஒரு சிறாப்பருக்கு முகாம் முகாமாகப் போய், ஆளைத் தேடிப் பிடித்து, சதக் கணக்கில் சம்பளம் கொடுக்க முடிந்திருக்கிறதே! அப்படியானால் இராணுவமும் பொலிஸும் வாகனங்களும் வைத்திருந்தவர்களுக்கு ஏன் முடியவில்லை? யாரை எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள் என்பதைச் சலவைக் கொப்பியில் ஒரு துப்புரவுத் தொழிலாளியால் குறித்து வைக்க முடிந்தது. காணாமற்போனவர்கள் எங்கே என்று கேட்கும் தாய்மாருக்கு அரசு பதிவேடு இல்லை என்கிறது.

இந்த மனிதர்கள் மன்னிப்புக்கான சாட்சிகள் அல்லர், தம்பி. வேறு வழி இருந்தது என்பதற்கான சாட்சிகள். என் மாணவர்கள் அவர்களை அப்படித்தான் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

தெகிவளை ஐயாவிடம் ஒரு கேள்வி: சிறாப்பருக்குப் பிறகு கந்தோரில் ஏதும் தொந்தரவு வந்ததா?

---

மறுமொழி: மாளிகாவத்தை உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும், டீச்சர். என் மகனும் உயர்தரம் படிக்கிறான், அதனால் எழுதுகிறேன்.

2020 நவம்பரில் எங்கள் சாச்சா கொரோனாவில் ஆஸ்பத்திரியில் இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விரும்பவில்லை. வீட்டிலிருந்து ஒருவரும் போக முடியாது. மௌத்தானால் மையவாடி இல்லை, எரிப்பார்கள் என்பதும் தெரியும். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொன்னது. இங்கே 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. நோயை விட அந்தப் பயம்தான் அவரை வாட்டியது என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் இரவு தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. வார்டில் வேலை செய்யும் சிற்றூழியர் ஒரு பெண், சிங்களத்தில் பேசினார். உங்கள் ஆள் வாயில் ஏதோ முணுமுணுக்கிறார், எனக்கு விளங்கவில்லை, உங்கள் சமயத்தில் இந்த நேரத்தில் ஏதாவது ஓத வேண்டுமென்றால் நான் தொலைபேசியை அவருடைய காதில் வைக்கிறேன் என்றார். எங்கள் உம்மம்மா குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினார். முழுவதையும் ஓதி முடிக்கும்வரை அந்தப் பெண் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதுகாப்பு அங்கிக்குள் நின்றுகொண்டு, தன் சொந்தத் தொலைபேசியைத் தொற்றாளரின் முகத்தருகே வைத்துக்கொண்டு. மேலதிகாரி பார்த்திருந்தால் பணி இடைநிறுத்தம்தான். கடைசியில் கலிமாவும் சொல்லிக்கொடுத்தோம். மறுநாள் அதிகாலை சாச்சா மௌத்தானார். எந்த நேரத்தில் எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதையும் அவர்தான் அழைத்துச் சொன்னார். அதனால் ஆண்கள் போய்த் தூர நின்று தொழ முடிந்தது.

அடுத்த மாதம் இருபது நாள் குழந்தை ஒன்றை எரித்தார்கள். அதன் பிறகு பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். நானும் ஒரு துண்டு கட்டினேன். என் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் இல்லை. சிங்களப் பெண்கள் இருந்தார்கள், ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் வந்திருந்தார். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாச்சாவுக்கு இரண்டும் எட்டவில்லை.

ஜூன் ஏழு தம்பி சொன்னது போல எரித்தவர்களை நானும் மன்னிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்காகத் தொழுகையில் துஆ கேட்காத நாளும் இல்லை.

---

மறுமொழி: ஜம்பட்டா வீதி

எனக்கு நீளமாக எழுத வராது. அப்பா முச்சக்கரவண்டி ஓட்டுகிறார், எங்கள் வீதி முனைத் தரிப்பிடத்தில்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது சத்தம் எங்கள் வீட்டுக் கண்ணாடியை ஆட்டியது. அப்பாவும் மற்றவர்களும் வண்டிகளோடு அங்கே போனார்கள். இன்னொன்று வெடிக்கலாம், வராதீர்கள் என்று கத்தினார்கள். போய்க் காயப்பட்டவர்களைத் தேசிய மருத்துவமனைக்கு ஏற்றினார்கள். அன்று போனவர்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்கள், இரண்டு முஸ்லிம் சகோதரர்கள். மறுவாரம், முஸ்லிம்கள் மேல் சந்தேகம் பரவியிருந்ததால், அந்தச் சகோதரர்களின் வண்டியில் ஒருவரும் ஏறவில்லை. எங்கள் தரிப்பிடத்தில் முதலில் நிற்பவருக்குத்தான் முதல் சவாரி. ஆட்கள் அவர்களைத் தாண்டி அடுத்த வண்டிக்கு வந்தால், முறை அவருடையது, அவருடைய வண்டியில்தான் போகவேண்டும் என்று மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். சவாரி போனால் போகட்டும் என்று இருந்தார்கள். பல மாதங்கள் அப்படி.

2022 இல் இன்னொன்று. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். அதன் பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எண்ணெய் வாங்கும் பங்கீட்டு முறையில் முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீட்டர். பெற்றோல் லீட்டர் 470 ரூபாய் வரை போயிருந்தது. 5 லீட்டரில் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிடும்? இருந்தும் தரிப்பிடத்தில் எல்லோரும் பேசி, இரவுக்கு ஒரு வண்டி தாங்கியில் எண்ணெயோடு சும்மா நிற்க வேண்டும் என்று முறை வைத்தார்கள். பிரசவம், நெஞ்சுவலி, பிள்ளைக்கு வலிப்பு, இவற்றுக்கு மட்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் இருந்தது, ஆனால் எங்கள் ஒழுங்கைகளுக்குள் அது நுழைய முடியாது. அப்பாவின் முறையன்று ஒருவர் வந்து விமான நிலையத்துக்குப் போகப் பதினைந்தாயிரம் தருவதாகச் சொன்னார். வீட்டில் அன்று அரிசி இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா போகவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு ஹெட்டியாவத்தையிலிருந்து ஒரு கர்ப்பிணி அக்காவைப் பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெண் குழந்தை. இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறது. எங்கள் வாசலால்தான் போகும்.

---

மறுமொழி: ஜூன் ஏழு

டீச்சர், சாட்சி என்று நீங்கள் சொன்னதை யோசித்தேன். உங்கள் வகுப்பில் அதை அப்படியே சொல்வீர்களானால் எனக்கு மறுப்பில்லை. மாளிகாவத்தை உம்மாவும் நானும் ஒரே பக்கத்தில் நிற்கிறோம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. அதிபர் அனுமதிப்பாரா? இவற்றை எழுத்தில் வைத்தால் உங்களுக்குத் தொந்தரவு வராதா? லொட்ஜ் அண்ணாவைப் பற்றி எழுதியது நான்தான் என்று யாரும் கண்டுபிடிக்கக்கூடாது என்ற கவலை எனக்கு இன்றும் இருக்கிறது.

---

மறுமொழி: வரலாற்று ஆசிரியை, வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. ஜம்பட்டா வீதிப் பிள்ளை, நீளமாக எழுத வராது என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முறை அவருடையது என்று மறுத்து நின்ற அந்த ஓட்டுநர்களைப் பற்றி நான் ஒரு பாடவேளை முழுவதும் பேசுவேன். ஒரு சமூகத்தையே சந்தேகக் கண்ணோடு பார்த்த அந்த மாதங்களில், ஒரு தரிப்பிடத்தின் வரிசை ஒழுங்கை மாற்றாமல் வைத்திருந்ததே பெரிய எதிர்ப்பு.

தம்பி, உங்கள் கவலை விளங்குகிறது. நீங்கள் எழுதியதை நான் பிரதி எடுக்க மாட்டேன். ஆண்டு, இடம், வேலை, இந்த மூன்றை மட்டும் வாயால் சொல்வேன். அதிபரிடம் பேசிவிட்டேன். பாடத்திட்டத்துக்கு வெளியே போகவேண்டாம் என்றார். வாய்மொழி வரலாறும் ஒரு மூலாதாரம் என்பதைக் காட்டிச் செயற்றிட்ட வேலையாகக் கேட்டேன், சரி என்றார். மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ ஒழுங்கையிலோ ஒரு முதியவரிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும். கேட்க வேண்டியவை: எந்த ஆண்டு பயந்தீர்கள், யார் உங்களைப் பயமுறுத்தினார்கள், யார் கதவைத் திறந்தார்கள், அவர்கள் எதை இழந்திருக்கக்கூடும். இரண்டாவது கேள்வியை உங்களுக்காகவே சேர்த்தேன். அதற்குப் பதில் எழுதாமல் மூன்றாவதற்குப் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

போட்டோகொப்பிக் கடைக்காரரிடம் மாணவர்கள் வரலாமா என்று கேட்டேன். சனிக்கிழமை மாலை வரச் சொன்னார். அப்போது கடையில் கூட்டம் குறைவாம்.

---

மறுமொழி: பழைய தெகிவளைக்காரன்

ஆசிரியை கேட்டதற்குப் பதில். சிறாப்பரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்று அப்பா பிறகு அறிந்தார். கந்தோரை விட்டுக் காசை வெளியே கொண்டுபோனது விதிமுறைக்கு மாறானது என்று யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். எல்லாக் கையொப்பங்களும் சரியாக இருந்ததால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் பதவி உயர்வு தள்ளிப்போனது. நாங்கள் 1985 இல் கொழும்புக்குத் திரும்பியபோது அப்பா அவரைப் பார்க்க நல்லெண்ணெயும் பனங்கட்டியும் கொண்டு போனார். இரண்டு பேரும் அன்றுதான் முதன்முதலாக ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசினார்கள்.

இருவரும் இப்போது இல்லை. சிறாப்பரின் மகள் ஓய்வுபெற்ற தாதி, நுகேகொடையில்தான் இருக்கிறார். தமிழ் ஓரளவு விளங்கும். உங்கள் கேள்வியை நேற்று அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். தந்தை எந்தெந்த முகாமுக்கெல்லாம் போனார் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மாணவர்கள் வந்தால் பேசுவதற்குச் சம்மதம் என்றார். ஞாயிறு பிற்பகல் வசதி. பத்துப் பேருக்கு மேல் வந்தால் வீட்டில் இருக்க இடம் போதாது, இரண்டு தடவையாக வரட்டும் என்று சொல்லச் சொன்னார்.